போர்வையின் மேல்முனை

தன் போர்வையை யாரோ மேலே இழுக்கிறார்கள் என்று லிஃப்ட்காரனுக்கு முதல் தடவை தோன்றியபோது அவன் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான். இருட்டில் போர்வையை இழுப்பது எதுவாக இருந்தாலும், நாம் விழித்திருப்பது அதற்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் இரண்டு பேருக்கும் மரியாதை என்பது அவன் கட்சி.

இத்தனைக்கும் அவன் பயந்தாங்கொள்ளி இல்லை. லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில், கதவுக்குப் பின்னால் கிணறு மாதிரி இறங்கும் இருட்டுக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு போய், அடியில் இருக்கும் குழியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். ஒருமுறை குழிக்குள் ஒரு எலி அவன் சட்டைப் பையில் ஏறிப் படுத்துவிட்டதாம். அது தூங்கி எழுந்திருக்கும்வரை காத்திருந்துதான் குனிந்து ஸ்பேனரை எடுத்தான் என்று சொல்வார்கள். அந்த எலி இதை இதுவரை மறுக்கவில்லை.

ஆனால் அது வேலை. இது வீடு. வேலையில் இறங்கும்போது இடுப்பில் கயிறு இருக்கும். வீட்டில் வருகிற பயத்துக்குக் கயிறு கிடையாது.

போர்வை இன்னும் ஒரு விரற்கடை மேலே போனது. தரையில் பாயில் படுத்திருந்த அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். தலைக்கு மேலே, கட்டிலின் ஓரத்தில் தலையணை அடுக்கிக் கட்டிய வரப்புக்குப் பின்னாலிருந்து, இரண்டு கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு குட்டி முஷ்டி. அந்த முஷ்டிக்குள் அவன் போர்வையின் முனை.

அவன் மகள்தான். வயது இரண்டரை. பிறந்தபோது இருந்த அளவைப் பார்த்து யாரோ கடுகு என்று சொல்ல, அதுவே நின்றுவிட்டது.

"கடுகு, தூங்கலையாடா?"

கடுகு சிரிக்கவில்லை, அழவில்லை. கண்ணை இமைத்ததாகக்கூடத் தெரியவில்லை. பக்கத்தில் அவள் அம்மா அடித்துப் போட்டமாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரன் போர்வையை மெல்ல இழுத்துப் பார்த்தான். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தான். கடுகு ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் தெருக்கோடியில் நின்ற கார் ஒன்று தானாகக் கிளம்பிப் போய்விட்டது. அடுத்த நாள்தான் கண்டுபிடித்தார்கள்.

அன்றையிலிருந்து கடுகு இரவில் தூங்கவில்லை.

அவன் தரையில் படுக்க ஆரம்பித்ததும் அந்த இரவிலிருந்துதான். அதற்குக் காரணம் முதுகு. அன்று சாயங்காலம் அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள்: ஒரு பாட்டுக்குழு மொத்தமும் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பயத்தில் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. எல்லோரையும் இழுத்து வெளியே விட்டபின் கடைசியாக, குழுவிலேயே குரலும் உடம்பும் கனத்தவர். அவரைத் தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது. தூக்கும்போதும் மனுஷன் பாட்டை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி மெத்தையில் படுக்கக் கூடாது என்று சொல்லி, கட்டிலை ஒட்டிக் கீழே பாய் விரித்துவிட்டாள். மேலே அவளும் கடுகும். கீழே இவன்.

"உங்களத் தேடுறாளோ என்னவோ. பேசாம மேல வந்து படுங்க" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். படுத்தான். மெத்தை அமுங்கியதும் முதுகில் யாரோ கத்தியைச் செருகித் திருகினமாதிரி இருந்தது. அவன் கத்தின கத்தலில் கடுகும் சேர்ந்து கத்த, ஐந்து நிமிஷத்தில் பாய்க்கே திரும்பிவிட்டான்.

பகலில் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. காப்பகத்தில் மதியம் சுருண்டு படுத்தால் சாயங்காலம்வரை எழுப்ப முடியவில்லை என்றார்கள். இரவு விளக்கை அணைத்து, அவன் பாயில் முதுகைச் சாய்த்ததும் மேலேயிருந்து அந்தக் கை வரும். போர்வை முனையைத் தேடிப் பிடிக்கும். அப்புறம் விடியும்வரை இரண்டு கண்களும் அவன் மேலேயே. அவ்வப்போது தலை தொங்கும், விரல் தளரும். உடனே தூக்கிவாரிப் போட்டதுபோல விழித்து மறுபடி இறுக்கிக்கொள்வாள்.

மனைவி ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரி, விடுதி என்று பல இடங்களிலிருந்து போர்வைகள் மலைமலையாக வரும். சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து மடிப்பது அவள் வேலை. துணியைப் பார்த்தே அதில் படுத்தவரின் கதையைச் சொல்லிவிடுவாள். "இவரு சுவத்தப் பாத்துப் படுக்கிறவரு. வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல" என்பாள். ஒருமுறை அப்படி அவள் சொன்னது ஒரு விடுதி மேலாளர் காதுக்குப் போய், அவர் வீட்டில் பேச்சுவார்த்தையே ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி.

அவள் ஒருநாள் காலையில் இவன் போர்வையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தபடி நின்றாள்.

"இங்க வாங்க. மூணு முனையும் புதுசு மாதிரி இருக்கு. இந்த ஒரு முனை மட்டும் பாருங்க. வேர்த்து வேர்த்து உப்புப் பூத்திருக்கு."

"பிடிச்சிட்டே இருக்காளே. அதான்."

"கொஞ்ச நேரம் பிடிச்சா இப்படி ஆகாது. ராத்திரி பூரா இறுக்கிப் பிடிச்சாத்தான் நூலு இப்படி நையும். நடுவுல விடவே இல்ல." அவள் முனையைக் கையிலிருந்து மெதுவாக நழுவவிட்டாள். "ஏங்க, பெரியவங்களுக்கே கை ஓஞ்சு போகும். இவ எப்படிப் பிடிக்கிறா?"

இரண்டு பேரும் அந்த முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது சாதாரண வெள்ளைத் துணிதான். ஆனால் அதற்கு மேல் இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

இந்த மாதிரி விஷயத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியிலேயே பிடித்துக்கொண்டார். வாயில் குண்டூசிகள். அந்தம்மா ஊசிகளை எடுக்காமலே பேசுவார். இதுவரை ஒன்றுகூட விழுங்கியதில்லை என்று சொல்லிக்கொள்வார், எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை.

"தம்பி, பாப்பா ராத்திரியெல்லாம் முழிச்சிருக்காமே."

"ஆமாம்மா."

"எங்க ஒண்ணுவிட்ட தங்கச்சி மகன் இப்படித்தான் இருந்தான். முழிச்சிட்டே, அவங்க அம்மா மூஞ்சியவே பாத்துட்டு."

"அப்புறம் என்னாச்சு?"

தையல்காரம்மா ஒரு ஊசியை எடுத்துத் துணியில் குத்தினார். "அத விடுங்க தம்பி."

"சொல்லுங்கம்மா."

"சொன்னா பயப்படுவீங்க."

ஒரு மனுஷனை இதற்கு மேல் பயமுறுத்த வழி கிடையாது. அவன் நாலு படி ஏறியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "பாப்பா உங்களப் பாக்குதா, இல்ல உங்களுக்குப் பின்னால பாக்குதா? எதுக்கும் அதக் கவனிச்சுக்குங்க."

அன்று இரவு கவனித்தான். பாயில் படுத்தபடி தலையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினான். கடுகின் கண்களும் இடப்பக்கம் வந்தன. வலப்பக்கம் நகர்த்தினான். கண்களும் வலப்பக்கம். அவனைத்தான். பின்னால் எதையாவது பார்த்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. பின்னால் சுவர்தான் இருக்கிறது.

குழந்தை டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் கடுகின் கண்ணில் விளக்கு அடித்தார், காதில் எட்டிப் பார்த்தார், விரல்களை மடக்கி விரித்தார். கடுகு அவர் சொன்னதையெல்லாம் செய்தாள். அவர் கழுத்தில் தொங்கிய குழாயை மட்டும் பிடித்துக்கொண்டு, "அப்பா கீழ" என்றாள்.

"அப்பா இங்கதானே நிக்கிறாரு" என்றார் டாக்டரம்மா.

"ராத்திரி கீழ" என்றாள் கடுகு.

"கீழ படுக்கிறேன், அதச் சொல்றா" என்றான் இவன்.

டாக்டரம்மா தலையாட்டினார். "குழந்தை நல்லா இருக்கா. சில பிள்ளைங்க இந்த வயசுல இப்படித்தான். கொஞ்ச நாள் பாப்போம்." சொல்லி முடிக்கும்போதே ஒரு கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவி அறையைச் சுற்றி, வெளியே காத்திருந்தவர்களிடம் போய், மருந்துக் கடைவரைக்கும் போனது. கடுகுக்கு மட்டும் வரவில்லை.

'கொஞ்ச நாள் பாப்போம்' என்பதில் எதைப் பார்க்கப் போகிறோம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அவன் அதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் நினைத்தான், பல் விளக்கும்போதும் நினைத்தான்.

அக்காவை வரவழைத்தான். அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். ரயில் தாமதம் என்று அவள் சொன்னால் ஒருத்தருக்கும் கோபம் வராது. அந்தக் குரலில் நடைமேடையே சொக்கிப்போய், ரயில் வந்து போன பிறகுதான் விழிப்பு வரும். அவள் கட்டிலில் உட்கார்ந்து கடுகின் முதுகைத் தட்டிக்கொண்டு, "குழந்தைகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்தில் மனைவி விழுந்தாள். நான்காவதில் கீழே தையல் மிஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருநாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தது. கடைசியில் தன் குரலைத் தானே கேட்டு அக்காவும் சாய்ந்துவிட்டாள். லிஃப்ட்காரனும் கண் செருகும் நேரத்தில் போர்வை வெடுக்கென்று மேலே போனது.

மொத்தத் தெருவும் தூங்கும் அந்த அமைதியில், விழித்திருந்தவள் ஒருத்தி. அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அக்கா கிளம்பும்போது சொன்னாள். "டேய், நான் எத்தனையோ பேரத் தூங்கவச்சிருக்கேன். உன் பொண்ணு தூக்கம் வராம முழிச்சிருக்கல. தூக்கம் வந்தும் தூங்கக் கூடாதுன்னு முழிச்சிருக்கா. எதையோ நெனச்சுப் பயப்படுறா."

"எத நெனச்சு?"

"அவளத்தான் கேக்கணும். எதுக்கும் நீ வேலைல பத்திரமா இருடா."

அக்கா அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் போயிருக்கலாம். ஏற்கெனவே அவன் மனசு அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. தொங்கிப் பிழைக்கிறவன் அவன். அவனை ஒரு குழந்தை இரவெல்லாம் கண்கொட்டாமல் பார்த்தால் என்ன அர்த்தம்? இருக்கும்போதே நன்றாகப் பார்த்துவைத்துக்கொள்கிறதோ? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மனைவியிடம் சொன்னால் சிரிக்க மாட்டாள். அதுதான் இன்னும் மோசம். அவன் சொல்லாமலே வைத்துக்கொண்டான். ராத்திரித் தூக்கம் போய், பகலில் ஸ்பேனரைக் கீழே போட ஆரம்பித்தான்.

அதை முதலில் பார்த்தவன் பல்லி. பல்லி என்பது கூட்டாளி. சுவரில் ஒட்டிக்கொண்டு ஏறுவதால் அந்தப் பெயர். அவனுக்குக்கூட தன் நிஜப் பெயர் சட்டென்று ஞாபகம் வராது. லிஃப்ட் குழிக்கு ஏணி சரியில்லாத பழைய கட்டடங்களில், ஒருத்தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவான். இன்னொருத்தன் மேலே கயிற்றைப் பிடித்திருப்பான். அதற்கு ஒரு பேச்சு உண்டு, மாற்றக் கூடாது. இறங்குகிறவன் "பிடிச்சிருக்கியா?" என்பான். மேலே இருப்பவன் "பிடிச்சிருக்கேன்" என்பான். கால் தரையைத் தொட்டதும் கீழே போனவன் "தரை. விடு" என்பான். அந்தச் சொல் வரும்வரை மேலே இருப்பவன் கயிற்றை விடக் கூடாது, கட்டிப்போடக் கூடாது, வேறொருத்தர் கையில் கொடுக்கக் கூடாது. கயிறு தொய்ந்தாலும் நம்பக் கூடாது. கீழே போனவன் வழியில் ஒரு விட்டத்தில் காலை ஊன்றியிருக்கலாம். அவன் தரைக்குப் போய்விட்டான் என்று அவன் வாய்தான் சொல்ல வேண்டும்.

முதுகு பிடிப்பதற்கு முன்னால் இதுவே வீட்டில் சாயங்கால விளையாட்டாகவும் இருந்தது. கடுகு கட்டில் மேல் நிற்பாள், கையில் குளியல் துண்டு. அப்பா கட்டிலுக்குக் கீழே "இறங்குவார்". "பிடிச்சிருக்கியா?" "புச்சிக்கேன்." "தரை. விடு." கடுகு துண்டை விட்டுவிட்டு மெத்தையில் குதிப்பாள். முதுகு பிடித்த பிறகு விளையாட்டும் நின்றுபோனது.

அன்றைக்குப் போன கட்டடம் பழசு. ஏணி துருப்பிடித்துப் பாதியிலேயே முடிந்துபோயிருந்தது.

"நான் இறங்கறேன்டா" என்றான் பல்லி. "உன் கண்ணப் பாரு, ரெண்டும் வேற வேற பக்கம் பாக்குது."

"என் முறை. நான்தான் இறங்கணும்."

"மொறையாம் மொற. ஓட்டுப் போடவா வந்திருக்க?"

ஆனாலும் லிஃப்ட்காரன்தான் இறங்கினான். பயந்துவிட்டான் என்று தனக்கே தெரிந்துவிடக் கூடாது என்பது காரணம். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டினார்கள். "பிடிச்சிருக்கியா?" "பிடிச்சிருக்கேன்." காலுக்குக் கீழே இருட்டு நகர்ந்துகொண்டே வந்தது. நடுவழியில் அவன் மேலே பார்த்தான். வெளிச்சச் சதுரத்தில் பல்லியின் தலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு வியர்த்துவிட்டது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட யோசிக்காதவன், அன்றைக்கு ஒவ்வொரு சாணுக்கும் யோசித்தான்.

கால் தரையைத் தொட்டது. விழவில்லை. அந்த நிம்மதியில் அப்படியே உட்கார்ந்தான். அடியில் இருந்த பெரிய சுருள்வில்லில் முதுகு சாய்ந்தது. குழி வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் போர்வையை இழுக்கவில்லை.

தூங்கிப் போனான்.

மேலே நடந்ததைக் கட்டடத்தில் இருந்தவர்கள் பிற்பாடு பலவிதமாகச் சொன்னார்கள். பல்லி கூப்பிட்டான், பதில் இல்லை. கத்தினான், பதில் இல்லை. கயிறு தொய்ந்திருந்தது, ஆனாலும் அவன் விடவில்லை. சத்தம் கேட்டு வீட்டுக்காரர்கள் கூடினார்கள். ஒருத்தர் பிடிக்க வந்தார். "அவன் கொடுத்தது என் கையில" என்று பல்லி தோளால் தள்ளிவிட்டான். ஒரு பெண்மணி டம்ளரை அவன் வாயில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மூன்றாம் மாடிக்காரர் அவன் மூக்கைச் சொறிந்துவிட்டார். வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போனது. கடைசியில் பல்லி ஒரு செருப்பை உதறிக் கழற்றி, காலாலேயே குழிக்குள் தள்ளினான்.

செருப்பு தலைக்கவசத்தில் விழுந்தது. லிஃப்ட்காரன் அலறி எழுந்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரிய ஒரு நிமிஷம் ஆனது. தெரிந்ததும் இன்னும் பயந்தான்.

"இருக்கியாடா?" என்று மேலேயிருந்து ஒரு குரல். பல்லியின் குரல்தான். ஆனால் அழுகிற குரல்.

"இருக்கேன். தரை. விடு."

கயிறு சரசரவென்று தலைமேல் வந்து விழுந்தது.

வேறு கயிறு விட்டு அவனை மேலே கொண்டுவந்ததும் பல்லி உள்ளங்கைகளைக் காட்டினான். இரண்டிலும் கயிறு போன தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. விரல்கள் நிமிரவில்லை, மடங்கியபடியே இருந்தன.

"கயிறு தொஞ்சு போச்சுல்ல? நான் தரைக்குப் போயிட்டேன்னு தெரியாதா? விட்டுட்டு வந்து பாக்க வேண்டியதுதானே?"

"நீ சொல்லலையே" என்றான் பல்லி.

"அதுக்காக இவ்வளவு நேரமா?"

"நீ சொல்லலையேடா. நான் விட்ட நேரம் பாத்து நீ எங்கயாவது தொங்கிட்டிருந்தா? நீ சொல்றவரைக்கும் கண்ண மூடவே பயமா இருந்துச்சு. மூடினா கை விட்டுடும்போல இருந்துச்சு."

லிஃப்ட்காரன் அந்த மடங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். வேறு ஒரு கை ஞாபகம் வந்தது. இதைவிட ரொம்பச் சின்னது.

அப்புறம் பாட்டுக்குழு ஞாபகம் வந்தது. அந்தச் சாயங்காலம் அவசர அழைப்பு வந்தபோது அவன் எங்கே இருந்தான்? கட்டிலுக்குக் கீழே. கடுகு மேலே, கையில் துண்டு. "பிடிச்சிருக்கியா?" என்று கேட்டாகிவிட்டது. "புச்சிக்கேன்" என்றும் சொல்லியாகிவிட்டது. அப்போது போன் அடித்தது. அவன் தவழ்ந்தபடியே வெளியே வந்து, பையை எடுத்துக்கொண்டு ஓடினான். திரும்பி வந்தது நடு ராத்திரி, முதுகு பிடித்துக்கொண்டு. வந்தவன் படுத்ததும் கீழேதான், கட்டிலை ஒட்டி. அன்றையிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் விளக்கை அணைத்ததும் அவன் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறான்.

சொல்ல வேண்டியதை அவன் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு ஓடினான். படியில் தையல்காரம்மா நின்றார். மூச்சிரைக்க நின்று கேட்டான். "அம்மா, உங்க ஒண்ணுவிட்ட தங்கச்சி மகன் என்ன ஆனான்?"

"அவனா? பல் டாக்டரா இருக்கான் தம்பி."

"சொன்னா பயப்படுவேன்னு சொன்னீங்களே."

"பல் டாக்டர்னா எல்லாருக்கும் பயம்தானே?" என்றார் தையல்காரம்மா, வாயில் ஊசிகளோடு.

மனைவியிடம் சொன்னான். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ இத்தனை நாளா அவ உங்களப் பயந்து பாக்கல."

"இல்ல. இத்தனை நாளா நான் தொங்கிட்டிருந்திருக்கேன்."

"நல்லாத் தொங்கினீங்க" என்றாள். மூக்கை அந்தத் துணியிலேயே துடைத்துக்கொண்டாள். சலவைக்காரி அப்படிச் செய்வது சாதாரணமில்லை. "இதுவா இல்லாம வேற எதாவதா இருந்தா என்ன பண்றது?"

அதுதான் அவனுக்கும் பயம். வேறு ஏதாவதாக இருந்தால் இனி நினைத்துப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

விளக்கை அணைத்தார்கள். அவன் பாயில் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டான். மேலே தலையணை வரப்பு அசைந்தது. கை வந்தது. முனையைத் தேடிப் பிடித்தது. இரண்டு கண்கள்.

குழிக்குள் இறங்கியபோதுகூட வாய் இப்படி உலரவில்லை.

"பிடிச்சிருக்கியா?"

"புச்சிக்கேன்."

உடனே வந்தது பதில். சின்னக் குரல், கரகரத்துப்போயிருந்தது. வெகுநாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த பதில்.

அவன் குதிகாலால் தரையைத் தட்டினான். "தரை" என்றான். "விடு."

ஒன்றும் நடக்கவில்லை. போர்வை இறுக்கமாகவே இருந்தது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டது அவனுக்குக் கேட்டது. சரி, வேறு ஏதோதான் என்று நினைத்தான்.

மேலே ஒரு தலை வரப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அவன் முகத்தை இல்லை. அவன் காலை.

"தர?"

"தரைதான்டா. பாரு." இன்னொரு முறை தட்டினான். இரண்டு காலாலும் தட்டினான். கீழே தையல்காரம்மா துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டிப் பதில் சொன்னார்.

கடுகு அந்தச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டாள். திருப்திதான். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசியாகக் கட்டைவிரல். போர்வை முனை கீழே வந்து அவன் மூக்கில் விழுந்தது. மேலே தலை தலையணையைத் தொடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள்.

அவனும் மனைவியும் வெகுநேரம் அசையவில்லை.

"ஏங்க" என்றாள் மனைவி கிசுகிசுப்பாக. "ரொம்ப அமைதியா இருக்கா."

"தூங்குறா."

"இவ்வளவு ஆழமாவா? மூச்சு வருதா பாருங்க."

அவன் முழங்காலில் எழுந்து கடுகின் மூக்குக்கு அடியில் விரலை வைத்தான். வந்தது. சந்தேகமாக இருந்தது. மறுபடி வைத்தான். வந்தது.

"லேசா அசைச்சுப் பாக்கவா?"

"அசைச்சுப் பாருங்க. அப்புறம் பல்லிகிட்டச் சொல்லி உங்களக் குழியிலயே விட்டுட்டு வரச் சொல்றேன்."

அவன் மறுபடி படுத்தான். மேலே மனைவி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். கீழே இவன். அவ்வப்போது ஒருத்தர் கேட்பார், மற்றவர் விரலை வைத்துப் பார்ப்பார். அந்தத் தெருவிலேயே கண்ணை மூடாமல் கிடந்தவர்கள் அன்றைக்கு அவர்கள் இரண்டு பேர்தான்.

விடியும் நேரத்தில்தான் அவன் தன் கையைப் பார்த்தான். மூக்கில் விழுந்த போர்வை முனை உள்ளங்கைக்குள் இருந்தது. ஈரமும் சூடும் இன்னும் போகவில்லை. ராத்திரி பூரா இறுக்கிப் பிடித்திருக்கிறான், விரல்கள் நிமிரவில்லை. விடலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவள் மேலே ஆழமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.